பழைய கடைப்பலகை எழுத்து: இங்க்ஸ்கேப்பில் வெளிக்கோடு போடும் முறை

மொறுமொறு தின்பண்டமான ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, குன்னூரில் கடை வைத்திருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குப் புதுப் பலகை ஆசை வந்துவிட்டது. அந்தக் காலத்து பெயின்டர்கள் கையால் எழுதுவார்களே, கொஞ்சம் சாய்ந்து, வளைந்து, சுற்றிலும் தடித்த கோட்டோடு, அந்த மாதிரிதான் வேண்டும் என்றார். மலைக்கு அதுதான் சரி. மூடுபனி இறங்கிவிட்டால் மெல்லிய எழுத்து எதிர்ச்சாரியிலிருந்தே தெரியாது.

இதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், இலவசம். எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார் எடுங்கள். கையெழுத்துச் சாய்வு அதில் இயல்பாகவே இருக்கிறது. பலூ தம்பியும் குண்டாக அழகாக இருக்கும், ஆனால் நிமிர்ந்த எழுத்து, அதனால் இந்த வேலைக்கு என் ஓட்டு கவிவனாருக்குத்தான். ஆங்கிலப் பெயரும் வேண்டுமென்றால் லாப்ஸ்டர் நன்றாகச் சேரும்.

'ஊட்டி வர்க்கி' என்று பெரிதாக டைப் செய்து, எழுத்துகள் ஒன்றையொன்று லேசாகத் தொடும் அளவுக்கு இடைவெளியைக் குறையுங்கள். அப்புறம் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' (டைப் செய்த எழுத்து வெறும் வடிவமாக, அதாவது பாத்தாக மாறும்), பிறகு அன்குரூப், எல்லாவற்றையும் தேர்ந்து யூனியன் (எல்லாம் ஒரே வடிவமாகச் சேரும்). யூனியனை விட்டுவிட்டால் ட்-டும் டி-யும் தொடும் இடத்தில் கோடு குறுக்கே ஓடும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். வெளிக்கோடு என்றதும் எல்லோரும் ஸ்ட்ரோக்கை, அதாவது எழுத்தின் ஓரக்கோட்டை, தடிமனாக்குவார்கள். அது பாதி வெளியே, பாதி உள்ளே வளரும். கவிவனாரின் மெல்லிய வளைவுகளை அப்படியே தின்றுவிடும். அதற்குப் பதில் அதே பாத் மெனுவில் 'லிங்க்டு ஆஃப்செட்' கொடுங்கள். எழுத்தின் மேல் அதே வடிவில் ஒரு நகல் வரும், அதன் கைப்பிடியை வெளியே இழுத்து, எண்ட் விசையால் அடியில் தள்ளி, அடர் அரக்கு நிறம் கொடுத்து, மேலே உள்ள எழுத்தை வெள்ளையாக்குங்கள். மூல எழுத்தைத் திருத்தினால் கோடும் கூடவே திருந்தும் என்பதுதான் இதன் அருமை.

இப்போது ட், ர், க் மூன்றின் புள்ளிகளையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியின் கோடும் எழுத்தின் கோடும் முட்டும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சந்து நிற்கும், அச்சில் அது அழுக்குபோல் தெரியும். நோட் கருவியால் மூல எழுத்தில் புள்ளியின் கணுக்களை மட்டும் வளைத்துப் பிடித்து, சந்து மறையும்வரை கீழே தள்ளுங்கள், கோடு தானாக ஒட்டிக்கொள்ளும். ஊ-வின் சுழிக்குள் மிஞ்சும் பொடி ஓட்டைகளை அடைக்க, கடைசியாக அரக்கு வடிவத்தை மட்டும் பாத்தாக மாற்றி, 'பிரேக் அபார்ட்' செய்து, மறுபடி யூனியன். இதைக் கடைசியில்தான் செய்யவேண்டும், ஏனென்றால் இதோடு மூலத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிடும்.

நிழல் வேண்டுமென்றால் அரக்கு வடிவத்தை நகலெடுத்து, வலது கீழாக நகர்த்தி, அடியில் வையுங்கள். மூலத்துடன் தொடர்பு அறுவதற்கு முன்பே கி-யின் கொக்கியை இழுத்துப் பெயருக்கு மேலே ஒரு வாலாக ஓட்டினால் இன்னும் துள்ளும். வால் ஒன்று போதும்.

பிற்சேர்க்கை: பிரிண்டிங் கடையில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டைப் செய்த நிலையிலேயே கோப்பை அனுப்பினால் அப்படி ஆகும். பாத்தாக மாற்றியதை பிடிஎஃப்பாகக் கொடுங்கள். வர்க்கி டப்பாவுக்கு ஒற்றை நிற அச்சு என்றால் நிழலை எடுத்துவிட்டு, கோட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.