வீல்சேரோடு தீம் பார்க் போவதானால் முதலில் பார்க்க வேண்டியது சாய்தளத்தை அல்ல

தீம் பார்க் போக நினைக்கும் வீல்சேர்க்காரர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது சாய்தளம் இருக்கிறதா என்றுதான். பெரிய பூங்காக்களில் அது அநேகமாக இருக்கும். உங்கள் நாள் நன்றாகப் போகுமா இல்லையா என்பது வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: வீல்சேரிலிருந்து ரைடின் இருக்கைக்கு எப்படி மாறுவீர்கள், ரைடு பாதியில் நின்றுபோனால் எப்படி இறங்குவீர்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே பூங்காவின் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டியைத் தேடி எடுங்கள். முகப்பில் இருக்காது, எங்கேயாவது அடியில் கிடக்கும். வீல்சேரிலேயே உட்கார்ந்தபடி ஏறக்கூடியவை, மின்சார ஸ்கூட்டரில் (நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறு வண்டி) வந்தால் வீல்சேருக்கு மாறி ஏற வேண்டியவை, இருக்கைக்கு மாறியே தீர வேண்டியவை என்று ரைடுகளைப் பிரித்திருப்பார்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்: ஆர்லாண்டோ டிஸ்னியில் கிளிமஞ்சாரோ சஃபாரி வண்டியில் வீல்சேரோடு ஏறிவிடலாம், ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு இருக்கைக்கு மாறித்தான் ஆக வேண்டும். வழிகாட்டியில் பதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். "எனக்கு ஏற்ற ரைடு எது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கச் சுவரைத் தாண்டிக் காலைத் தூக்கிவைக்க வேண்டுமா, நடுவில் நின்றால் படி இறங்க வேண்டுமா, இப்படிக் கேளுங்கள்.

கூட யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான பூங்காக்களில் ஊழியர்கள் உங்களைத் தூக்கி உட்காரவைக்க மாட்டார்கள், அதற்கு அவர்களுக்கு அனுமதி கிடையாது. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆக, தூக்கத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும், அல்லது நீங்களே மாறப் பழகியிருக்க வேண்டும்.

பழகுவது என்றால் என்ன? ரைடு இருக்கைகள் பெரும்பாலும் வீல்சேரைவிடத் தாழ்வாக இருக்கும். வீல்சேரைச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, அந்தப் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, கால்வைக்கும் தட்டை ஒதுக்கிவிட்டு நகர்ந்தால் கீழே போய் உட்கார்ந்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. திரும்ப மேலே வருவதுதான் விஷயம், அதுவும் ரைடு குலுக்கிப்போட்ட கையோடு, பின்னால் ஒரு கூட்டம் காத்திருக்கும்போது. வீட்டில் ஒரு தாழ்வான முக்காலியிலிருந்து வீல்சேருக்கு ஏறிப் பாருங்கள். முடிகிறதென்றால் பாதிக் கவலை விட்டது. பல கோஸ்டர்களின் வாசலில் மாதிரி இருக்கை ஒன்றை வைத்திருப்பார்கள், வெட்கப்படாமல் அதில் உட்கார்ந்து பாருங்கள். முதுகை நிமிர்த்தி உட்கார முடிகிறதா, ஒரு கையாலாவது பிடித்துக்கொள்ள முடிகிறதா என்பது பல ரைடுகளில் கட்டாய விதி. செயற்கைக் கால் போட்டவர்களைக் கால் தொங்கும் ரைடுகளில் அதைக் கழற்றிவைக்கச் சொல்லலாம், சில ரைடுகளில் ஏற்றாமலும் விடலாம், கேட்டுக்கொண்டு போங்கள்.

வீல்சேர் இருந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டாம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள், வரிசையில் நிற்காமல் வெளியே காத்திருந்து சொன்ன நேரத்துக்கு வந்து ஏறும் சலுகையை 2024-இல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டன. நடக்க முடியாதது மட்டுமே காரணம் என்றால் அது கிடைக்காது, வீல்சேர் போகும் அகலத்தில் வரிசை இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். கோபம் வரத்தான் செய்யும், ஆனால் திட்டம் போடும்போது முழுக் காத்திருப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கைகளில் தெம்பு இருக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருக்கை மாற வேண்டிய ரைடுகளை முடித்துவிட்டு, வீல்சேரோடு ஏறுபவற்றையும் நிகழ்ச்சிகளையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

கைவீல்சேர்க்காரர்கள்கூட அன்றைக்கு ஒருநாள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். தூரத்துக்கு நல்லதுதான், ஆனால் பல ரைடுகள் ஸ்கூட்டரை உள்ளே விடாது. அதனால் பின்னால் தள்ள ஆள் இருந்தால் நான் கைவீல்சேருக்கே ஓட்டுப் போடுவேன். தண்ணீர் தெறிக்கும் ரைடு என்றால் ஏறியதும் வீல்சேரின் மெத்தையை எடுத்து நீர் புகாத பையில் போட்டுவிடுங்கள், நனைந்த மெத்தையில் மீதி நாளை ஓட்டுவது தோலுக்குக் கேடு. ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறாக இருந்தால் வீல்சேரை அங்கே கொண்டுவந்து வைப்பார்களா என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கழுத்து, மேல்முதுகுத் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, அதனால் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஈரத்துண்டு, நடுப்பகலில் குளிரூட்டிய அரங்கம், மூன்றும் வேண்டும்.

இந்தத் தொல்லைகளில் பலவற்றை வடிவமைப்பிலேயே தீர்க்க முடியும். டெக்சஸின் சான் அன்டோனியோவில் 2010-இல் திறந்த மார்கன்ஸ் ஒண்டர்லேண்ட் பூங்காவில் வீல்சேரோடு ஏறும் ராட்டினமே இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-இல் அதன் பக்கத்தில் வந்த நீர்ப் பூங்காவில் பேட்டரிக்குப் பதில் அழுத்தக் காற்றில் ஓடும் வீல்சேர்கள் தருகிறார்கள், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. மற்ற பூங்காக்களுக்கு மின்னஞ்சல் போடும்போது இதை ஒரு வரி குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரவு திரும்பியதும் அலுப்பில் அப்படியே படுத்துவிடாதீர்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருந்தால் அழுத்தப் புண் தொடங்குகிறதா என்று பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் எல்லாவற்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடம் அரைமணி நேரத்தில் மறையவில்லையென்றால் மறுநாள் ரைடு வேண்டாம், அந்த இடத்தில் பாரம் விழாமல் படுத்து ஓய்வெடுங்கள், அப்படியும் மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.