யார் யாருக்குக் கொடுத்தார்? ஒரே உடம்புக்குள் இருக்கும் வைரஸ் மாற்றங்களை வைத்துத் தொற்றின் தடம் பிடிப்பது

கொரோனா வைரஸின் மரபணுத்தொடரில் 29,903 எழுத்துகள். தொற்றின் முதல் ஆண்டில் அதில் சராசரியாக மாதத்துக்கு இரண்டு எழுத்துதான் மாறியது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவவோ ஐந்தாறு நாள் போதும். அதனால் ஒரே வீட்டில் நான்கு பேருக்கு வந்தால், நான்கு பேரின் கன்சென்சஸ் தொடரும் (ஒவ்வோர் இடத்திலும் பெரும்பான்மையாக இருக்கும் எழுத்தைக் கோத்தது) பெரும்பாலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அடுத்து பார்க்க வேண்டியது, ஒரே ஆளுக்குள் 5%, 10% என்று சிறுபான்மையாக இருக்கும் மாற்றங்களை. லினக்ஸ் கட்டளைகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தரவு

எஸ்ஆர்ஏ என்ற பொது மரபணுத் தரவுக் களஞ்சியத்தில், ஆர்டிக் பிரைமர் (வைரஸ் தொடரைத் துண்டு துண்டாகப் பெருக்கத் தொடக்கம் தரும் சிறு டிஎன்ஏ) கொண்டு இல்லுமினா கருவியில் எடுத்த தரவு நிறையக் கிடைக்கிறது. சிடி மதிப்பு (வைரஸ் தென்பட எத்தனை சுற்று நகலெடுக்க வேண்டியிருந்தது என்ற எண்; கூடினால் வைரஸ் குறைவு) 28க்கு மேல் போன மாதிரிகளை நான் தொடுவதில்லை. வைரஸ் நகல் குறைவாக இருந்தால் டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் செய்யும் தவறே சிறுபான்மை மாற்றம் போல் வேஷம் போடும். ஒரே மாதிரியை இரண்டு முறை சீக்வென்ஸ் செய்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

படி 2: அலைன்மென்ட்

ரீடுகளை (கருவி படித்துத் தரும் சிறு துண்டுகள்) மூல வைரஸ் தொடரில் அவற்றுக்குரிய இடத்தில் பொருத்த பிடபிள்யூஏ மெம், பிறகு இடவரிசையில் அடுக்க சாம்டூல்ஸ் சார்ட். அவ்வளவுதான். டூப்ளிகேட் நீக்க வேண்டாம். ஆம்ப்ளிகான் (ஒரு பிரைமர் ஜோடி பெருக்கித் தரும் துண்டு) தரவில் ரீடுகள் ஒரே இடத்தில் தொடங்குவது இயல்பு.

படி 3: பிரைமரை வெட்டுவது

நான் ஒரு வாரம் தொலைத்த இடம் இது. ஒரு வீட்டின் இரண்டு மாதிரிகளில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம், இரண்டிலும் ஏறக்குறைய 50%. தொடர்பு உறுதி என்று துள்ளிக் குதித்தேன். சந்தேகம் வந்து, ரீடுகளைக் கண்ணால் பார்க்க உதவும் ஐஜிவியில் திறந்தால், பழைய எழுத்தைக் காட்டிய ரீடுகள் அத்தனையும் ஒரே புள்ளியில் தொடங்கின. புது எழுத்தைக் காட்டியவை அந்த இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருந்தன.

விஷயம் இதுதான். பிரைமர் நாம் செய்து ஊற்றிய டிஎன்ஏ. அது விழும் இடத்தில் நோயாளியின் வைரஸ் முழுதாக மாறியிருந்தாலும், அந்த ஆம்ப்ளிகானின் ரீடுகள் பிரைமரின் எழுத்தையே காட்டும். பக்கத்து ஆம்ப்ளிகான் அதே இடத்தை மேவி வரும். அதில்தான் உண்மையான எழுத்து இருக்கும். இரண்டும் கலந்தால் 100% மாற்றம் பாதியாகத் தெரியும். நான் பார்த்தது சிறுபான்மை மாற்றமே இல்லை.

பிரைமர் பகுதியை வெட்டும் ஐவார் ட்ரிம் கட்டளை இதைச் சரிசெய்யும். எந்தப் பதிப்புப் பிரைமரோ அதே பதிப்பின் பெட் கோப்பைக் கொடுங்கள் (பிரைமர்கள் விழும் இடங்களின் பட்டியல் அது). வெட்டிய பிறகு மறுபடி சார்ட் செய்ய வேண்டும், நான் மறந்தேன்.

படி 4: மாற்றங்களை எடுப்பது

மாற்றங்களைக் கண்டெடுக்கும் மென்பொருள்களில் எனக்கு லோஃப்ரெக் பிடிக்கும். ஒவ்வோர் எழுத்தின் தர மதிப்பையும் கணக்கில் எடுக்கிறது. ஐவார் வேரியன்ட்ஸும் மோசமில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஓட்டும் எம்பைலப் (ஒவ்வோர் இடத்திலும் ரீடுகளை அடுக்கிக் காட்டும் சாம்டூல்ஸ் கட்டளை) இயல்பாக ஓர் இடத்துக்கு 8,000 ரீடோடு நின்றுவிடும். ஆழ வரம்பைப் பூஜ்யம் என்று கொடுத்து அதைத் தளர்த்துங்கள். 3%க்குக் கீழே உள்ளதையும், இரண்டு முறை சீக்வென்ஸ் செய்ததில் ஒன்றில் மட்டும் வந்ததையும் தள்ளிவிடுகிறேன்.

படி 5: சம்பந்தமில்லாதவர்களோடு ஒப்பிடுவது

ஜோடியைப் பார்ப்பதற்கு முன், ஒருவரை ஒருவர் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத இருபது பேரை எடுங்கள். அவர்களிலும் அதே மாற்றம் தலைகாட்டினால் அது சாட்சி அல்ல. 11,083ஆம் இடம் பிரபலமான உதாரணம்: டி எழுத்து வரிசையாக வரும் பகுதி அது, கருவியும் தடுமாறும்.

மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்துபோவதையும் மறக்காதீர்கள். ஹாங்காங் வீடுகளில் எடுத்த இன்ஃப்ளூயன்ஸா தரவைக் கொண்டு 2016இல் ஒரு கட்டுரை, நிறைய வைரஸ்கள் சேர்ந்தே பரவுகின்றன என்றது. 2019இல் மறுபரிசோதனை செய்தவர்கள், ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய ரீடுகள் வெவ்வேறு மாதிரிகளில் பிரிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். சோதனைத் தட்டில் பக்கத்துக் குழியிலிருந்து சிந்தியும் கலக்கலாம், அதனால் குழியின் எண்ணையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைத்துக்கொள்கிறேன்.

படி 6: ஜோடியைப் படிப்பது

வடிகட்டியதில் மிஞ்சியது ஒன்றிரண்டுதான் இருக்கும். அ என்பவரிடம் 8% இருந்தது ஆ என்பவரிடம் 100% ஆகியிருந்தால், அ கொடுத்தார் என்பதற்கு அது நல்ல குறிப்பு. இருவருக்கும் வேறொருவர் கொடுத்திருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். எதுவுமே பொதுவாக இல்லையா? அதனால் தொடர்பு இல்லை என்று ஆகாது. கொரோனா பரவும்போது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வைரஸ்கள்தான் வாசலைத் தாண்டுகின்றன. மற்றதெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

பின்சேர்க்கை: ஐவார் வெட்டிய பிறகு முக்கால்வாசி ரீடு காணாமல் போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சீக்வென்ஸ் செய்வதற்கு முன் மாதிரியைத் தயார்செய்யும் படியில் (லைப்ரரி தயாரிப்பு) டிஎன்ஏ துண்டாக்கப்பட்டிருந்தால் பல ரீடுகளில் பிரைமரே இருக்காது. ஐவார் அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். சிறிய 'இ' ஆப்ஷனைச் சேர்த்தால் அவை தங்கும். இன்னொருவருக்கு, பெட் கோப்பில் குறித்த இடங்களை மாஸ்க் செய்தும் (கணக்கில் வராமல் மறைத்தும்) ஒன்றும் நடக்கவில்லையாம். அவருடைய பெட் கோப்பில் எம்என் என்று தொடங்கும் பெயர், அலைன்மென்ட் முடிவு இருக்கும் பாம் கோப்பில் என்சி என்று தொடங்கும் பெயர். தொடர் ஒன்றுதான், பெயர்தான் வேறு. பெயரை மாற்றியதும் ஓடிவிட்டது.