ஏற்காட்டுக் காட்சிமுனையை மதிப்பிட்டுக் காப்பது எப்படி?

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் கீழே சேலம் விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்த்தேக்கமும் மின்னும். அதற்குக் குறுக்கே ஒரு கட்டடம் எழும்பும்போது 'அழகு போச்சே' என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. மதிப்பெண்ணும் தேதியிட்ட படமும் வேண்டும்.

கடற்கரைக் காட்சிகளுக்கு ஒரு முறை உண்டு. 26 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. அவற்றில் 18 இயற்கை சார்ந்தவை: பாறை, மணலின் நிறம், அலை போன்றவை. அவை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஒத்துவராது. மற்ற 8 மனிதர் கைபட்டவை: இரைச்சல், குப்பை, கழிவுநீர், சாகுபடி நிலம், கட்டடம், வண்டி வரும் வழி, தொடுவானக் கோடு, கம்பமும் கம்பியும். இவை மலைக்கும் பொருந்தும். மலையின் உயரத்தை யாராலும் கூட்ட முடியாது, இந்த எட்டைத் திருத்த முடியும் என்பதால் இதை மட்டும் 40-க்குப் போடுங்கள். 5 என்றால் மிக நன்று.

மூன்று பேர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே போட்டு, நடு மதிப்பெண்ணை எடுங்கள். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு என இரு முறை போடவேண்டும். கோடை விழாக் கூட்டத்தை மட்டும் பார்த்துப் போட்டால் இரைச்சலும் குப்பையும் மற்றதை விழுங்கிவிடும்.

படத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். தரையில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, கண் உயரத்தில், போனின் 1 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். 0.5-இல் எடுத்தால் எதிரே உள்ள நான்கு மாடிகூடத் தீப்பெட்டி போலச் சிறுத்துவிடும். லேடீஸ் சீட்டுக்குக் காலை நல்லது, மாலையில் மேற்கு வெயில் லென்ஸில் அடிக்கும். கிழக்கே பார்த்த பகோடா பாயிண்டுக்கு மாலை. மூடுபனி நாளில் கட்டடம் மறைந்து மதிப்பெண் பொய்யாக ஏறும். அன்று எடுக்கவே வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே புள்ளி.

மதிப்பெண்ணைக் கடுமையாகக் குறைப்பது மலைமுகட்டுக் கோட்டினை வெட்டும் கட்டடம். கூரை, பின்னால் உள்ள மரங்களின் தலைக்குக் கீழே அடங்கினால் கண் அதைத் தேடாது. வெள்ளைச் சுவரும் நீலத் தகரமும் வெகுதூரம் தெறிக்கும். மங்கிய பச்சை, செம்மண் நிறம் அடங்கும். சரிவை ஒரே வெட்டாக வெட்டினால் சிவந்த காயம் நகரத்திலிருந்தே தெரியும், மழையில் சரியவும் செய்யும். படிப்படியாக வெட்டி கல்கட்டு கட்டவேண்டும். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக்கைக் கீழ்ச்சரிவில் விட்டுவைத்தாலே பாதி மறைந்துவிடும். காபிக்கும் அந்த நிழல் தேவை.

மனுவில் இரு கேள்விகள் போதும்: கட்டடத்துக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் உண்டா? மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றார்களா? புல எண்ணைக் குறிப்பிட்டு, இரு ஆண்டுப் படங்களையும் அருகருகே ஒட்டி, கிராம சபையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தளம் தோண்டும் முன்பே கொடுங்கள். தளம் போட்டபின் கூரையின் நிறத்தைப் பற்றி மட்டுமே பேச முடியும்.