பழைய லேத்தின் பெட் தேய்மானத்தை ஒரு லாக் போல்ட்டால் அறியலாம்

எச்எம்டி என்எச்-26 போன்ற பழைய கனரக லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) விலை பேசும் முன், வெட்டுளியைத் தாங்கிப் பெட் என்ற நீண்ட அடித்தளத்தின் மேல் நகரும் கேரேஜை, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் அருகே நிறுத்தி, கைச்சக்கரம் சற்றே கனக்கும் அளவுக்கு மட்டும் அதைப் பெட்டோடு கவ்விப் பிடிக்கும் லாக் போல்ட்டை இறுக்கிவிட்டு, எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கமாக மெதுவாக உருட்டிப் பாருங்கள். போகப் போக இறுகிப் பாதியில் நின்றுவிட்டால், சக்கருகே பெட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கடைசல் வேலை சக்கை ஒட்டியே நடப்பதால், வார்ப்பிரும்புத் தூள் அந்த இடத்தையே அதிகம் அரைத்துத் தேய்க்கிறது. மறுமுனை ஏறக்குறைய பழைய தடிமனிலேயே இருக்கும். புதுப் பெயின்ட் இதை மறைக்க முடியாது.

பெட்டைக் கிரைண்டிங் செய்து விற்கும் இயந்திரத்தில் தடிமன் சீராகிவிடுவதால் இச்சோதனை உதவாது. அங்கே கேரேஜ் தாழ்ந்திருக்கக்கூடும் என்பதால், கியர்பாக்ஸ் அருகே லீட் ஸ்குரூ என்ற நீண்ட திருகுதண்டைக் கவ்வும் ஹாஃப்-நட்டை மூடும்போது அந்தத் தண்டு கீழ்நோக்கி வளைகிறதா என்று பாருங்கள்.