மருந்தேற்றிய மரத்தின் அடிமண்ணைச் சோதிக்கும் முறை: டர்பன் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் வேலிக்கும் மரத் தளத்துக்கும் நாம் வாங்கும் பைன், யூகலிப்டஸ் கம்பங்களில் பல, செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. மருந்தை அழுத்தத்தில் ஏற்றியவை. கறையானைத் தடுக்கும் அந்த மருந்தில் ஒரு பகுதி மழையில் கரைந்து மண்ணில் இறங்குகிறது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களிலிருந்து விலக்கப்பட்ட இம்மருந்து, இங்கே இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆகவே அத்தகைய மரத்தருகே கீரையோ கொத்தமல்லியோ விதைப்பதற்கு முன் மண்ணைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

முதலில் மரத்தை அடையாளம் காணுங்கள். புதிய சி.சி.ஏ. மரம் இளம்பச்சையாக இருக்கும். வெயிலில் சாம்பல் நிறமாகிவிடுவதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கம்பத்தின் முனையில் எச்4 என்ற குறி இருந்தால், அது மண்ணில் ஊன்றுவதற்கென்று மருந்தேற்றியது. கரும்பழுப்பு நிறமும் தார் வாடையும் இருந்தால் அது கிரியோசோட் என்ற தார் எண்ணெய் மருந்து ஏற்றிய மரம்; அதற்கான சோதனை வேறு.

அடுத்து மாதிரி எடுக்க வேண்டும். மிகுந்த கவனம் தேவைப்படுவது இதில்தான். மரத்திலிருந்து வடியும் மாசு வெகுதூரம் பரவுவதில்லை. தளத்தின் பலகை இடுக்குகளுக்கு நேர் கீழேயும் கம்பத்தை ஒட்டிய மண்ணிலுமே மிகுதியாகத் தங்குகிறது. தோட்டம் முழுவதிலும் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பினால், கெட்ட மண்ணின் அளவு நல்ல மண்ணுக்குள் மறைந்துபோகும். கையுறை அணிந்து, பிளாஸ்டிக் கரண்டியால், கம்பத்தை ஒட்டி நான்கைந்து இடங்களில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்து, சுத்தமான வாளியில் கலந்து பையில் இடுங்கள். பிறகு மரத்திலிருந்து பல மீட்டர் தள்ளி, அதே வகை மண்ணிலிருந்து இன்னொரு மாதிரியும் எடுங்கள். ஆர்செனிக் இயற்கையாகவே மண்ணில் சிறிதளவு உண்டு என்பதால், இந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் மரம் சேர்த்தது எவ்வளவு என்று சொல்லவே முடியாது. செலவைக் குறைக்க எண்ணி இதைக் கைவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

உரத் தேவையை அறியும் வழக்கமான பரிசோதனை ஆர்செனிக்கைக் காட்டாது. மொத்த ஆர்செனிக், குரோமியம், செம்பு என்று ஆய்வகத்திடம் தனியாகக் கேளுங்கள். மாசுபட்ட நிலத்துக்கான 2014ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்க விதிமுறைகளில் ஆர்செனிக்குக்கான மிகக் கடுமையான வரம்பு கிலோவுக்கு 5.8 மில்லிகிராம், வழக்கமான குடியிருப்பு நிலத்துக்கு 48.

அளவு கூடுதலாக இருந்தால், அங்கே கீரையும் கிழங்கும் பயிரிட வேண்டாம். தக்காளி, கத்தரி போன்ற காய்களில் ஆர்செனிக் சேர்வது மிகக் குறைவு. குழந்தைகள் விளையாடும் இடமானால் மேல்மண்ணை அகற்றிப் புதுமண் நிரப்புங்கள். மண்ணிலுள்ள இரும்பு ஆர்செனிக்கைப் பிடித்துவைக்கும். பாஸ்பேட் உரத்தை மிகுதியாக இட்டால், அந்தப் பிடி தளர்ந்து ஆர்செனிக் வேருக்கு எட்டும்.

கம்பத்தை அறுப்பதானால் கீழே தார்ப்பாய் விரித்து, மரத்தூள் முழுவதையும் சேர்த்தெடுங்கள். அந்தத் தூளை மக்குரக் குழியிலோ, துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் நெருப்பிலோ போடவே கூடாது; எரித்தால் ஆர்செனிக் அழிவதில்லை, ஒரு பகுதி புகையில் கலக்க, மற்றது சாம்பலில் செறிந்து நிற்கும்.