சைடுசெயின் போடும்போது எங்கெல்லாம் சறுக்குகிறது?

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே அம்மன் பாட்டு ரீமிக்ஸ் வேலை சூடு பிடித்துவிடும். அப்படி ஒரு பாட்டோடு குடியாத்தத்துத் தம்பி ஒருவர் காட்பாடியில் இருக்கும் என் அறைக்கு வந்தார். "பேஸ் மூச்சு வாங்குதுணா, இன்னான்னு பாருங்க" என்றார். போட்டுக் கேட்டேன். பம்பையில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் பேஸ், அதாவது பாட்டின் கனமான தாழ்ந்த ஒலி, அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது.

சத்தத்தை அமுக்கும் கருவிதான் கம்ப்ரஸர். சைடுசெயினில் அது உட்காருவது ஒரு ட்ராக்கில், காது கொடுத்துக் கேட்பது இன்னொரு ட்ராக்கை. கிக் (பெரிய டிரம்மின் 'டம்' ஒலி) விழும் நேரத்தில் பேஸ் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றால் கம்ப்ரஸரை பேஸில் போட்டு, கிக்கைக் கேட்க வைக்க வேண்டும். இதையே மாற்றி கிக்கில் போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்கள் நிறைய.

தம்பியின் கம்ப்ரஸர் பேஸில்தான் இருந்தது. ஆனால் கிக், பம்பை, உடுக்கை, கைத்தட்டல் எல்லாம் சேர்ந்த தாள குரூப்பை அதற்குக் கேட்கக் கொடுத்திருந்தார். பம்பையில் குச்சி சும்மா இருக்குமா? இடைவிடாமல் அடி விழ, பேஸ் நிமிரவே முடியவில்லை. கிக்கை மட்டும் தனியாக அனுப்பியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. எல்லாம் ஒரே லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டில்) கலந்திருந்தால், கம்ப்ரஸர் கேட்கும் பக்கத்தில் இருக்கும் ஃபில்டரை வைத்து கிக்கின் தாழ்ந்த அலைவரிசையை மட்டும் கேட்க விடுங்கள். இல்லையென்றால் வெளியே கேட்காத ஒரு கிக் ட்ராக்கைக் கம்ப்ரஸரைத் தூண்டுவதற்கென்றே வையுங்கள். அதை மியூட் செய்யாதீர்கள். சில மென்பொருளில் அனுப்பும் சிக்னலும் சேர்ந்து நின்றுவிடும். எல்லா ட்ராக்கும் கலந்து வெளியே போகும் மாஸ்டருக்குப் போகிற இணைப்பை மட்டும் எடுத்தால் போதும்.

எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் இன்னொரு சறுக்கல். மிக்ஸரில் 'சைடுசெயின் டு திஸ் ட்ராக்' என்பதற்குப் பதிலாக வெறும் 'ரூட் டு திஸ் ட்ராக்' கொடுத்தால், கிக்கின் ஒலியே பேஸ் ட்ராக்குக்குள் வந்து இரண்டு முறை கேட்கும். ரீப்பர் மென்பொருளில் கிக்கை பேஸ் ட்ராக்கின் 3/4 சேனலுக்கு அனுப்பிவிட்டு, அதன் கம்ப்ரஸரான ரியாகாம்ப்பில் டிடெக்டரை (எதைக் கேட்பது என்ற தேர்வை) ஆக்சிலரிக்கு மாற்ற மறந்தால், பேஸ் தன்னையேதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்புறம் ரிலீஸ், அதாவது அமுங்கிய சத்தம் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். கிக் சரியானதும் தம்பி, பேஸ் நிதானமாகத் திரும்பட்டும் என்று ரிலீஸை 700 மில்லிசெகண்டுக்கு ஏற்றினார். பாட்டு 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 அடி. 60,000-ஐ 100-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 600 மில்லிசெகண்ட். அதாவது பேஸ் முழுதாகத் திரும்பும் முன்பே அடுத்த கிக் வந்துவிடும். பாட்டை ஓடவிட்டு, குமிழை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தோம். 220 பக்கத்தில் வந்தபோது, எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் அடுத்த கிக்குக்குச் சற்று முன் பூஜ்யத்தைத் தொட்டது. தம்பியின் தலை தானாக ஆட ஆரம்பித்தது. பாதி அடி நேரத்தில் தொடங்கி, இப்படி மீட்டரைப் பார்த்துக் காதால் முடிவு செய்யுங்கள்.

அட்டாக்கை, அதாவது கம்ப்ரஸர் அமுக்க எடுக்கும் நேரத்தை, அப்படியே பூஜ்யத்தில் வைக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 20 மில்லிசெகண்ட் ஆகும். சுற்றின் நடுவில் சத்தத்தை வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். சில மில்லிசெகண்ட் கொடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும். அமுக்கியதை ஈடுகட்டத் தானாகச் சத்தத்தைக் கூட்டும் ஆட்டோ மேக்கப் கெயினையும் அணைத்துவிடுங்கள். கிக் இல்லாத இடங்களில் அது பேஸைத் தூக்கிவிடும்.

எவ்வளவு அமுக்கலாம்? பாட்டில் தெரியாமல் இடம் மட்டும் விட 3 முதல் 6 டெசிபல் போதும். நடனப் பாட்டில் அந்த ஏற்ற இறக்கமே அழகு என்றால் 10-ஐத் தாண்டலாம். பேஸை மட்டும் சோலோவில் தனியாகக் கேட்டு இதை முடிவு செய்யாதீர்கள். கிக்கோடு சேர்த்துக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி வரவே வராது, திருவிழா பாக்ஸில்தான் மொத்தமும் வெளியே வரும்.

தம்பி கொண்டுவந்த இரண்டாவது பாட்டில் கிக் ஓர் இடத்திலும் பேஸ் வேறோர் இடத்திலும் விழுந்தன. முட்டிக்கொள்ளவே இல்லை. அதில் கம்ப்ரஸரை மொத்தமாக எடுத்துவிட்டோம்.