நாட்டுக்கோழி முட்டை வாங்கப் போகிறீர்களா? ஓட்டின் நிறத்தை நம்பாதீர்கள்

பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நினைத்துத்தான் பாதிப்பேர் இரட்டை விலை கொடுக்கிறோம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, அது தின்ற தீனியைப் பொறுத்தது இல்லை. கூண்டை விட்டு இறங்காத கலப்பினக் கோழியும் அழகான பழுப்பு முட்டை இடும்.

முதலில் தட்டு முழுவதையும் பாருங்கள். மேய்கிற கோழிகளின் முட்டை என்றால் ஒன்று வெளிர் நிறம், ஒன்று சந்தன நிறம், ஒன்று நீளம், ஒன்று உருண்டை என்று கலந்துதான் கிடக்கும். எடையும் 40 கிராம் பக்கம்தான். அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் கடைக்காரரிடம் தினமும் எத்தனை வரும் என்று கேளுங்கள். அசல் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அப்படியென்றால் தினம் 100 முட்டை விற்க ஏறக்குறைய 500 கோழி மேய வேண்டும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் சாயம் போகும் என்பார்கள். புளிப்பு பட்டால் இயற்கையான பழுப்பும் கரையும், அதனால் அந்தச் சோதனை வேண்டாம்.

மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது புல், கீரையால் வருவதுதான். ஆனால் மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ தீனியில் கலந்தாலும் அதே நிறம் வரும். ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்கினால் கவனியுங்கள், மழைக்குப் பின் புல் தழைத்திருக்கும்போது கரு அடர்ந்து, சித்திரை வெயிலில் கொஞ்சம் வெளிறினால் கோழி உண்மையிலேயே மேய்கிறது. புரதம் நாட்டுக்கோழி முட்டை, பண்ணை முட்டை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலில் திரிந்து பச்சையும் புழுவும் கொத்தும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி, ஒமேகா 3 கூடுதலாக இருக்கும்.

மேய்ச்சல் கோழியிடம் ஒரு தொல்லை உண்டு. வைக்கோல் போருக்குள் இட்டு வைத்துவிடும், நாலு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். படுத்துக்கிடந்தால் புதுசு, நட்டுக்குத்தலாக நின்றால் சீக்கிரம் சமைத்துவிடுங்கள், மிதந்தால் தூக்கிப் போடுங்கள். இருட்டில் போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால் கோழி அடைகாத்த முட்டையில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும்.

எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவுவதைச் சமைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய காப்பு போய்விட்டால் சீக்கிரம் கெடும். அன்று இட்ட முட்டையை அவித்தால் தோல் உரியாது, அதை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.